மழை கண்ட பெல்லட் கிரில்

வெட்டவெளியில் சமைப்பதற்கென்றே செய்யப்பட்டு, வெட்டவெளியில் விட்டுவைக்கக் கூடாத அடுப்பு பெல்லட் கிரில். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் உருவாக்கி, 1986இல் காப்புரிமை பெற்றது. அழுத்திய மரத்தூள் குச்சிகளைத் திருகுத்தண்டு ஒன்று தீக்கிண்ணத்துக்குத் தள்ளும்; மின்சூட்டுக் கம்பி பற்றவைக்கும்; விசிறி ஊதும். விறகு எரிக்கக்கூட மின்சாரம் வேண்டும் என்ற நிலைக்கு மனித குலம் இப்படித்தான் உயர்ந்தது.

குச்சிகளைக் கொட்டிவைக்கும் தொட்டிக்குள் மழைநீர் புகுந்தால் அவை உப்பி, மறுபடி மரத்தூளாகி, காய்ந்ததும் தண்டு சுழலும் குழாய்க்குள் சிமென்ட் போல இறுகிவிடும். தண்டு சுழலாது. மோட்டாரைக் காப்பாற்ற வைக்கப்பட்ட சிறு ஆணி சில சமயம் முறியும். கடமை உணர்வுள்ள ஒரே பாகம் அதுதான். மின்செருகியைப் பிடுங்கி, தொட்டியைக் காலிசெய்து, மோட்டாரைக் கழற்றி, தண்டை உருவி எடுக்க வேண்டும். வீடியோக்களில் இது எளிய வேலை. நேரில் சுத்தியலும் குறடும் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் ஆலோசனை கேட்காமலே கிடைக்கும்.

வெளித்துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, வெப்பம் தாங்கும் பெயின்ட் அடிக்கலாம். உள்ளே பெயின்ட் கூடாது, இறைச்சிக்கு அந்த மணம் தேவையில்லை. மின்சூட்டுக் கம்பியில் ஈரம் ஏறியிருந்தால், இயக்கியதும் கசிவுக் காப்பு சுவிட்ச் விழும். பெரும்பாலும் கம்பியை மாற்ற வேண்டியிருக்கும். ஓட்டை விழுந்த தீக்கிண்ணமும் அப்படியே.

கடைசியாக, சமைக்கும் முன் ஒருமுறை வெறும் அடுப்பாக முழுச் சூட்டில் எரியவிட வேண்டும். மழை உறை பெரும்பாலும் தனி விலை.