அடிபடப் போகிறவர்கள் கவனத்துக்கு

தேனி மாவட்டத்தில் ரோட்டில் இறங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. உங்களை எந்த வண்டி அடிக்கலாம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றிய லாரியா, உத்தமபாளையத்துக்குள் திரும்பும் பஸ்ஸா, ஆர்சி யார் பேரில் இருக்கிறதென்று ஓட்டுகிறவனுக்கே தெரியாத நாலு கை மாறிய பைக்கா? பைக் என்றால் ஒதுங்கிவிடுங்கள். ஒதுங்க முடியாவிட்டால், அடித்தவன் நிற்காமல் ஓடிவிட வேண்டும் என்று வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள்.

சட்டம் அப்படி. அடித்த வண்டி எதுவென்று கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் செத்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. இது 2022 ஏப்ரலில் வந்த தாராளம். அதற்கு முன் ஓர் உயிர் 25,000 ரூபாய். அடித்தவன் நல்லவனாக இருந்து, வண்டியை நிறுத்தி, உங்களை 108-ல் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டு நிற்கிறான், அவனிடம் இன்சூரன்ஸ் இல்லை என்று வையுங்கள். அந்த 2 லட்சமும் போச்சு. எம்சிஓபி என்கிற இழப்பீட்டு வழக்குப் போடலாம், ஜெயிக்கலாம். ஜெயித்த தீர்ப்பைச் சுருட்டிக்கொண்டு, ஓட்டு வீடும் ரெண்டு ஆடும் வைத்திருக்கிறவனிடம் வசூலிக்க இன்னொரு மனு போடலாம். அதற்குள் ஆடு குட்டி போட்டிருக்கும், அது ஒன்றுதான் லாபம்.

சிகிச்சைக்கு வழி இல்லையென்று சொல்லிவிட முடியாது. 2021 டிசம்பரிலிருந்து ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரத்தை அரசே பார்த்துக்கொள்கிறது. நல்ல திட்டம். காலை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிய பிறகு வரும் முப்பது வருஷம் எந்தத் திட்டத்தில் வருகிறது?

பிரிட்டனில் 1946-ல் இன்சூரன்ஸ் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஓர் அமைப்பு வைத்தன. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி அடித்தாலும் இழப்பீட்டை அது கொடுக்கும். அமெரிக்காவில், எதிரே வருகிறவனிடம் பாலிசி இருக்காது, இருந்தாலும் பத்தாது என்று எண்ணியே நம் பாலிசியோடு தனிக் காப்பு சேர்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் கட்டாய இன்சூரன்ஸ் அமலுக்கு வந்ததும் அதே 1946-ல்தான். கட்டாயத்தை மட்டும் கப்பலில் இறக்கிக்கொண்டோம். அந்தக் கட்டாயத்தின் லட்சணம், பதிவான வண்டிகளில் பாதிக்கு மேல் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடுகின்றன.

ஓட்டுகிற மகாராசன்களையும் விடுவதற்கில்லை. 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையிலான பைக்குக்குத் தேர்டு பார்ட்டி, அதாவது அந்த வண்டி அடித்த வெளியாளுக்கான இன்சூரன்ஸ், வருஷத்துக்கு 714 ரூபாய், வரி தனி. சைலன்சரை மாற்ற அதைப் போல மூன்று மடங்கு கொடுப்பான், இதற்கு, "யார்ணே செக் பண்றா?" உரிமையாளரே ஓட்டி அடிபட்டால் தரும் விபத்துக் காப்பை 2018-ல் 15 லட்சமாக உயர்த்தினார்கள், அப்போது 750 ரூபாய். எதிராளியிடம் பாலிசி இல்லாத ஊரில் கைக்கு எட்டுவது அநேகமாக அது ஒன்றுதான். வேறு பாலிசி இருக்கிறது என்று பொய் டிக் போட்டு அதையும் மிச்சம் பிடிக்கிறார்கள். பின்னால் உட்கார்ந்த பெண்டாட்டி, பைக் சறுக்கி விழுந்தால், தேர்டு பார்ட்டி பாலிசியில் வரமாட்டாள் என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது.

ஜீப்புக்கு வருவோம். விடிவதற்குள் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் தூக்குச்சட்டியோடு பெண்கள் ஏறுகிறார்கள், கேரளத்து ஏலத்தோட்ட வேலைக்கு. ஒருத்தி மடியில் ஒருத்தி. அந்த ஜீப் சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டு, வெறும் தேர்டு பார்ட்டி என்றால், வளைவில் அது மோதிய மாட்டுக்கு நஷ்டஈடு உண்டு. உள்ளே இருந்தவளுக்கு இல்லை. மாடாகப் பிறந்து ரோட்டோரம் நின்றிருக்க வேண்டும். வாடகைக்கு ஓடும் டி போர்டாகவே இருக்கட்டும், பாலிசி எத்தனை பேருக்கு? இமாசலத்தில் 42 பேர் போகவேண்டிய பஸ் 90 பேரோடு உருண்ட வழக்கில், 2007-ல் உச்ச நீதிமன்றம், 42 பேருக்கான தொகையைக் கம்பெனி கட்டட்டும், எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், மிச்சத்துக்கு முதலாளியைப் பிடியுங்கள் என்றது. எட்டுப் பேர் ஜீப்பில் பதினாறு பேர் ஏறினால் ஆளுக்குப் பாதி உயிர்.

போடியில் ஏலக்காயை எட்டு மில்லிமீட்டரா, ஏழரையா என்று சலித்துப் பிரித்து விலை வைக்கிறார்கள். அதைப் பறித்தவள் ஜீப்பில் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவாரில்லை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மூன்றிலும் செக்போஸ்ட் உண்டு, சம்பளம் வாங்கும் ஆட்களும் உண்டு. காலையில் அந்த வழியாகத்தான் ஏறுகிறார்கள், சாயங்காலம் அந்த வழியாகத்தான் இறங்குகிறார்கள். தலைகளை எண்ணுவதற்கு என்ன படிப்பு வேண்டும்?