கேளுங்கோ, சொல்லுறன்: மன்னார் வெயிலில் ஒரு வான்

இந்தக் கிழமை வந்த கடிதங்களில் பாதி, கோடை விடுமுறைக்கு வான் பிடித்து மன்னார் போகத் துடிக்கும் கூட்டத்தினுடையது. மற்றப் பாதி காணித் தகராறு. அதற்கு அவசரமில்லை; எந்த வழக்கும் அடுத்த கிழமைக்குள் முடியாது.

கே: கட்டில், குசினி, கழிப்பறை எல்லாம் வைத்த பெரிய வாகனத்தில் மன்னார்த் தீவைச் சுற்ற ஆசை. சரிவருமா? (ரொறன்ரோ)

ப: வரும். மன்னார் ரவுணிலிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். நீங்கள் கட்டிலை விரித்து முடிக்கமுன் றோட்டு முடிந்துவிடும்.

கே: அமெரிக்கப் பாலைவனத்தை விட மன்னார் வெயில் கொடுமையா? (வெள்ளவத்தை)

ப: கலிபோர்னியாவின் டெத் வேலியில் 1913 ஜூலை 10ஆம் திகதி 56.7 பாகை செல்சியஸ் பதிவானது. மன்னார் முப்பதுகளோடு நின்றுவிடும். ஆனால் அங்கே வியர்வை உடனே காய்ந்துவிடும். இங்கே இரண்டு பக்கமும் கடல். வியர்வை தலைமன்னார் வரை கூடவே வரும், ரிக்கற் எடுக்காமல்.

கே: சுற்றிவரக் கடல் இருந்தும் ஊர் ஏன் இப்படி வறண்டு கிடக்கிறது? (கண்டி)

ப: கண்டிக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். சோளகக் காற்று கடலிலிருந்து ஈரத்தோடுதான் வருகிறது. ஆனால் அதை முட்டி மேலே ஏற்றி மழையாக்க ஒரு மலை வேண்டுமே! மன்னாரில் உயரமானது உப்பளத்துக் குவியல். மழை வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். அப்போது வெயில் எங்கே என்று கேட்டு எழுதக் கூடாது.

கே: குடிதண்ணீர் எவ்வளவு கொண்டுபோக? (நீர்கொழும்பு)

ப: ஆளுக்கு, நாளுக்கு நாலு லீற்றர். மச்சான்மாரும் வருகிறார்கள் என்றால், சோடா வேறு கணக்கு.

கே: நிழலுக்கு ஒரு நல்ல மரம் சொல்லுங்கள். (மட்டக்களப்பு)

ப: பள்ளிமுனைப் பெருக்க மரம். ஆபிரிக்காவின் பிள்ளை, அரபு வணிகர் கொண்டுவந்து நட்டது என்பது ஊர் வழக்கு. 1477இல் நட்டதாகப் பலகை சொல்கிறது. உயரம் 7.5 மீற்றர், சுற்றளவு 19.5 மீற்றர். வயது போனால் எல்லாருக்கும் நடக்கிறதுதான், சிரிக்காதீர்கள்.

கே: நடு றோட்டில் கழுதைகள். ஹோர்ன் அடித்தாலும் அசையவில்லை! (கொழும்பு)

ப: ஒருகாலம் மன்னாரின் சுமையெல்லாம் அவற்றின் முதுகில். லொறி வந்தது, வேலை போனது. வேலை போனவனிடம் ஹோர்ன் அடித்தால் வேறென்ன செய்வான்? கழுதைகளுக்கு மன்னாரில் ஒரு சிகிச்சை நிலையமே உண்டு. ஹோர்ன் அடிப்பவர்களுக்கு இன்னும் கட்டவில்லை.

கே: ஆடி மாதம் பூநாரைக் கூட்டம் பார்க்கலாமா? (திருகோணமலை)

ப: வங்காலைச் சரணாலயம் 2010இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. பட்டியலில் பெயர் இருக்கும், ஆடியில் கூட்டம் இருக்காது. பறவைகள் மார்கழி, தையில்தான் திரளும். அவற்றுக்கு அவ்வளவு சின்ன மூளை, அப்படியிருந்தும்.

கே: மன்னாரின் சோளகக் காற்றால் யாருக்காவது பலன் உண்டா? (யாழ்ப்பாணம்)

ப: தென்கரையில் முப்பது காற்றாலைகள் நிற்கின்றன. ‘தம்பபவனி’, 2020 டிசம்பரில் திறந்தது, 103.5 மெகாவாற். அடுத்து வருவதாக இருந்த அதானி 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டார். மீனும் பறவையும் என்னாகும் என்று கேட்டு அதே வருடம் ஊர்ச்சனம் வீதியில் இருந்தது. காற்று மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

கே: இராமேஸ்வரத்திலிருந்து என் காரைக் கப்பலில் ஏற்றி வரலாமா? (மதுரை)

ப: 1914இல் என்றால் காரை விட்டுவிட்டு நீங்கள் வரலாம். தனுஷ்கோடி வரை ரயில், பிறகு கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலை யுத்தம் விழுங்கியது. இப்போதைய கப்பல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு, ஆட்களுக்கு மட்டும். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் 51 மணித்தியாலத்தில் நீந்தினார். அவரும் கார் கொண்டுபோகவில்லை.

கே: இராமர் அணை மேல் கொஞ்சத் தூரமாவது வானை ஓட்டலாமா? (வவுனியா)

ப: கட்டியது வானரங்களுக்கு, வான்களுக்கு அல்ல.

கே: அரிப்பில் கடலோரம் இடிந்து நிற்பது அல்லிராணி கோட்டைதானே? (புத்தளம்)

ப: ஊர் அப்படித்தான் சொல்லும், நானும் மறுத்துப் பேசுவதில்லை. சரித்திரம் சொல்வது வேறு. கட்டியவர் பிரெடெரிக் நோர்த், முதல் ஆங்கிலேய ஆளுநர், 1801க்கும் 1804க்கும் இடையில். வேலை, முத்துக்குளிப்பைக் கண்காணிப்பது. ஒவ்வொரு குளிப்புக்கும் வெறும் மணலில் சில கிழமைக்கு ஒரு பட்டணமே முளைக்கும். காலில் கல்லைக் கட்டி இறங்கியவனுக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு, மேலே நிழலில் இருந்த அரசாங்கத்துக்கு இரண்டு பங்கு. 1906இல் மறிச்சுக்கட்டியில் இந்தக் கணக்குக்குக் காவல் நின்ற இளம் அதிகாரிதான் பின்னாளில் எழுத்தாளரான லெனார்ட் வுல்ஃப்.

எனக்குப் பிடித்தது கடல்கட்டியின் உத்தியோகம். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. வெள்ளைக்காரனே அவருக்குச் சம்பளம் கொடுத்தான். சுறா வராவிட்டால் மந்திரம் பலித்தது. வந்துவிட்டால் முறைப்பாடு செய்ய ஆள் மிஞ்சாது. இப்படி ஒரு அரசாங்க வேலைக்குத்தான் நான் இன்னும் விண்ணப்பம் வைத்திருக்கிறேன்.

கட்டிடத்தைப் பார்ப்பதென்றால் சுணங்காதீர்கள். கடல் அடியிலிருந்து அரித்துக்கொண்டு வருகிறது. அதற்கு விடுமுறை கிடையாது.

கே: வானுக்குள்ளேயே படுத்து, மரத்தடியில் சமைப்பது புது நாகரிகமாமே? (லண்டன்)

ப: மடுமாதா கோயிலுக்கு ஓகஸ்ட் 15 திருநாளுக்குப் போய்ப் பாருங்கள். பானை, பாய், பாட்டி சகிதம் குடும்பம் குடும்பமாகக் காட்டு மரத்தடியில் கிடப்பார்கள். அவர்களின் பூட்டன்மாரும் மாட்டு வண்டிலில் வந்து அப்படித்தான் கிடந்தார்கள். வாடகை கேட்டு ஒருவரும் வந்ததில்லை.

கே: வானா, ரயிலா? வீட்டில் சண்டை. (அனுராதபுரம்)

ப: ரயில். 1990இல் நின்றது, 2015 மார்ச் 14இல் மோடி கொடியசைக்க மறுபடி தலைமன்னாருக்கு ஓடியது. இதில் கழுதை குறுக்கே வந்தாலும் ஹோர்ன் அடிப்பது உங்கள் வேலை இல்லை.

கே: பேசாலையில் நல்ல கருவாடு வாங்கி வாடகை வானிலேயே ஏற்றிவரலாமா? (கம்பஹா)

ப: தாராளமாக. வானுக்குச் சொந்தக்காரர் அதைத் திரும்ப எடுக்கமாட்டார். உங்களுக்கே எழுதித் தந்துவிடுவார்.