91 மார்க் வாங்கியவன்

பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு ஆள் எடுக்க, பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018இல் ஓர் அட்டவணை போட்டது. பிஎச்.டி. முடித்திருந்தால் 30 மார்க். நெட் தகுதித் தேர்வில் தேறியிருந்தால் 5, ஜேஆர்எஃப் உதவித்தொகையும் சேர்ந்தால் 7. ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2, மொத்தம் பத்துக்கு மேல் கிடையாது. ஆக, ஆறாவது கட்டுரை எழுதுகிறவர் ஒன்று மேதையாக இருக்க வேண்டும், அல்லது அட்டவணையைப் படிக்காதவராக இருக்க வேண்டும். பாடம் நடத்திய அனுபவத்துக்கு வருஷத்துக்கு 2. அதற்கும் உச்சம் 10.

இளநிலை, முதுநிலைப் பட்டங்களுக்கான மார்க்கையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன், 91. பள்ளிக்கூடத்தில்கூட நான் பார்க்காத மார்க். வீட்டில் பாயசம் வைத்துவிட்டார்கள்.

ஆன்லைனில் அனுப்பிய விண்ணப்பத்தையே பிரிண்ட் எடுத்து, சான்றிதழ் நகல்களோடு ஸ்பைரல் பைண்டிங் போட்டு, தபாலிலும் அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் மேல் அவ்வளவு நம்பிக்கை. பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, பதிவாளர் அலுவலகத்தைவிட விவரமானவர். என் கட்டைப் புரட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"கெஸ்ட் லெக்சரர் சர்டிபிகேட்டா சார்? ஏழு வருஷமா?"

"ஆமா அண்ணாச்சி."

"இதக் கணக்குல எடுக்க மாட்டாவளே. போன தடவ வந்த சாரும் இப்படித்தான் வச்சாரு" என்றபடி இடையில் ஒரு ரோஸ் கலர் தாளைச் சொருகினார்.

அவர் சொன்னது சரிதான். அந்த அட்டவணை இருக்கும் அதே யூஜிசி விதிமுறையின் 10ஆம் பிரிவு சொல்கிறது: தற்காலிகமாக வேலை பார்த்த காலம் கணக்கில் சேர வேண்டுமானால், அப்போது வாங்கிய சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாதச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது. அவருக்கு அடிப்படைச் சம்பளம் மட்டுமே 57,700 ரூபாயில் தொடங்குகிறது. நான் வாங்குவது அவருடைய பஞ்சப்படிக்கே காணாது. மே மாசம் அதுவும் இல்லை. அந்த வேலைக்குரிய சம்பளத்தை ஏற்கெனவே வாங்கியவனுக்குத்தான் அந்த வேலைக்குரிய அனுபவம். அந்தச் சம்பளம் வந்துகொண்டிருந்தால் நான் ஏன் வேகாத வெயிலில் ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கிறேன்?

பரிசீலனைக் குழு பத்தைக் கழித்துக்கொண்டு 81 என்றது. போகட்டும், நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆனால் இந்த மார்க்கெல்லாம் நேர்காணலுக்கு ஆளைப் பொறுக்க மட்டும்தான். தேர்வு முழுக்க முழுக்க நேர்காணலை வைத்துத்தான் என்று விதியே சொல்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் 81ம் ஒன்றுதான், 51ம் ஒன்றுதான். இருபது வருஷப் படிப்பு காத்திருப்போர் பெஞ்சோடு சரி.

தேர்வுக் குழுவுக்குத் துணைவேந்தரோ அவர் நியமிப்பவரோ தலைமை தாங்க வேண்டும். தமிழ்நாட்டில் அண்மைக் காலமாகப் பல பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் நாற்காலியே காலி. நான் போன இடத்தில் நல்லவேளையாக ஆள் இருந்தார். பக்கத்தில் இருந்த வெளியூர் நிபுணர் என் ஸ்பைரல் கட்டைப் புரட்டி, ரோஸ் கலர் தாள் வந்த இடத்தில் நிமிர்ந்தார்.

"ஏழு வருஷமா பாடம் நடத்தறீங்களா?"

"ஆமாம் சார்."

"பரவாயில்லையே" என்றார் மற்றவர்களைப் பார்த்து, "நல்ல அனுபவம்!"

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான்.