கார்பன் கனவான்

ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு வருகிற கோளாறுகளில் சர்க்கரைக்கு மாத்திரை உண்டு, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்டு. சைக்கிள் பித்துக்கு மட்டும் இன்னும் யாரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. பித்து முற்றியவர்கள் ஐரோப்பாவின் எந்த மூலையில் இருந்தாலும், மே மாதம் பிறந்ததும் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு பிரான்சுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதிலும் கொஞ்சம் வசதியானவர்கள் பர்கண்டிக்கு. டிஷோன் நகரத்திலிருந்து தெற்கே சான்தனே வரைக்கும் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், ஊடே ஆளரவமில்லாத குறுகல் சாலைகள், திரும்பின பக்கமெல்லாம் மடாலயம், மாளிகை, கல் சிலுவை. 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மண். அந்த மண்ணில் தினமும் காலை ஒன்பது மணிக்குத் தலையைக் குனிந்துகொண்டு, இதில் எதையுமே பார்க்காமல் ஒருவர் போவார். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவர் பெல்ஜியத்து வங்கி மேலாளராக இருக்கலாம், ஆங்கிலேய வக்கீலாக இருக்கலாம், டச்சுப் பல் டாக்டராக இருக்கலாம். சைக்கிளில் ஏறிவிட்டால் எல்லாரும் ஒரே ஜாதி. கார்பன் கனவான் என்று வைத்துக்கொள்வோம். ஏனென்றால் சைக்கிளின் சட்டம் கார்பன், சக்கரம் கார்பன், சீட்டைத் தாங்கும் குழாய் கார்பன், செருப்பின் அடிப்பாகம்கூடக் கார்பன். போன வருஷத்துச் சக்கரத்தைவிட இந்த வருஷத்துச் சக்கரம் இருநூறு கிராம் குறைவு. அந்த இருநூறு கிராமுக்குக் கொடுத்த விலையை வீட்டில் சொல்லவில்லை. சொல்லாத நிம்மதியில் காலையில் விடுதியில் இரண்டு க்ரோசான், வெண்ணெய், ஜாம், மறுபடி ஒரு க்ரோசான். பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் விதி வைத்திருக்கிறது. ஓட்டுகிறவரின் எடைக்கு உச்சவரம்பு எதையும் அது வைக்கவில்லை. அந்தக் கருணையில்தான் நம்மவர் காலம் ஓடுகிறது.

மேலே போட்டிருப்பது ஒரு பெரிய பந்தய அணியின் சட்டை. அந்த அணிக்கு அவர் யாரென்று தெரியாது. இதற்காக அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, ஏனென்றால் அவர் ஓட்டிப்போகிற ஊர்களே அப்படித்தான். ஷெவ்ரே என்ற கிராமம், தன் எல்லையில் இருக்கும் ஷாம்பெர்தான் தோட்டத்தின் மவுசைப் பார்த்து, 1847இல் அந்தப் பெயரையும் வாங்கி ஒட்டிக்கொண்டு ஷெவ்ரே-ஷாம்பெர்தான் ஆனது. மொன்ராஷே தோட்டம் புலின்யி, ஷசாய்ன் என்று இரண்டு கிராமங்களின் எல்லையில் பாதிப் பாதியாகக் கிடக்கிறது. 1879இல் இரண்டு கிராமமுமே விட்டுக்கொடுக்காமல் பெயருக்குப் பின்னால் மொன்ராஷே என்று போட்டுக்கொண்டன. ஓர் ஊருக்கே இது தகுமென்றால் ஒரு பல் டாக்டருக்குத் தகாதா?

போன் நகரத்திலிருந்து சான்தனேக்குத் தோட்டங்களின் வழியாகவே ஒரு சைக்கிள் பாதை வகுத்திருக்கிறார்கள். இருபது கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். பொமார், வொல்னே, மெர்சோ என்று ஒயின் கடைப் பலகையில் மட்டும் படித்த பெயரெல்லாம் ஒவ்வொன்றாக மாதா கோவில் கோபுரத்தோடு எதிரே வரும். ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடி. கொடிக்குக் கொடி ஒரு மீட்டர்தான் இடைவெளி. சரிவின் நடுவில் தண்ணீர் தேங்காது, வெயில் நன்றாக விழும். அதனால் அங்கே விளைவதற்குத்தான் உச்ச விலை. கீழே நெடுஞ்சாலையைத் தாண்டிச் சமவெளிக்குப் போய்விட்டால் அதே திராட்சைக்கு அந்த மரியாதை கிடையாது. இப்படி மண்ணை முழம் முழமாக அளந்து பெயர் வைத்தவர்கள் பெரும்பாலும் துறவிகள். சித்தோ மடத்துத் துறவிகள் 12ஆம் நூற்றாண்டில் வூஷோவில் கொடி நட்டு, பிற்பாடு சுற்றிலும் மதில் எழுப்பினார்கள். உள்ளே சுமார் 50 ஹெக்டேர். ஒரே மடத்தின் சொத்தாக இருந்ததை இன்று எண்பது பேர் அளவில் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். பாகப்பிரிவினை அங்கேயும் அப்படித்தான்.

கனவானிடம் வூஷோ மதிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். வடகிழக்கிலிருந்து அடிக்கும் ‘பீஸ்’ என்ற குளிர்காற்று அந்த ஓரத்தில் உறைக்காதாம். குனிந்து ஓட்டினால் வேகம் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுமாம். எண்ணூறு வருஷத்துக் கதையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்.

ஹேண்டில்பாரில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. வேகம், நாடித்துடிப்பு, மிதிக்கிற சக்தி எத்தனை வாட், சரிவு எத்தனை சதவீதம் எல்லாம் அதில் ஓடும். மெர்சோ வந்தாலும் வொல்னே வந்தாலும் அவர் பார்வை அதிலேயேதான். திடீரென்று எதிரே ஒரு டிராக்டர். பர்கண்டி டிராக்டர் நாம் பார்க்கிற ரகமில்லை. கொடி வரிசையைக் கவட்டுக்குள் விட்டுக்கொண்டு போகும்படி, நீண்ட கால்களின் மேல் நிற்கும். பாதை தோட்டக்காரருக்காகப் போட்டது, சைக்கிள்காரருக்குச் சலுகை. ஆகவே கனவான் இறங்கி, கொடியோரமாக ஒதுங்கி நின்று, திரையில் வேகம் பூஜ்யத்துக்கு விழுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும். அந்த முகத்தைப் பார்த்தால் சொந்தக்காரர் யாரோ தவறிவிட்டார் என்று நினைப்பீர்கள்.

அவர் தானாக விரும்பி இறங்குவது ஒரே இடத்தில்தான். வோன்-ரோமனே கிராமத்துக்கு மேலே ரோமனே-கோந்தி தோட்டம். மொத்தமே 1.8 ஹெக்டேர், அதாவது நாலரை ஏக்கர்தான். அதில் விளையும் ஒயின் ஒரு பாட்டில் ஆயிரக்கணக்கான யூரோ. ஓரத்தில் ஒரு கல் சிலுவை நிற்கிறது. தோட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள் என்று பணிவாக ஒரு பலகை. உலகத்தின் ஒயின் பித்தர்களெல்லாம் அந்தச் சுவரோரம் பேச்சடங்கி நிற்பார்கள். கனவான் அங்கே சைக்கிளைச் சாத்துகிறார். படம் எடுக்கவேண்டும். அதற்குச் சாஸ்திரம் இருக்கிறது. செயின் உள்ள வலது பக்கம்தான் காமிராவைப் பார்க்கவேண்டும். செயின் முன்பக்கத்துப் பெரிய பல்சக்கரத்தில் கிடக்கவேண்டும், சின்னதில் கிடந்தால் ஏற்றத்தில் திணறியவர் என்று ஊர் பேசும். பெடல் தரைக்குச் சமமாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கவேண்டும். இரண்டு டயரிலும் காற்றடிக்கும் வால்வு நேர் கீழே வரவேண்டும். இதற்காகப் பின்சக்கரத்தைத் தூக்கி விரலால் சுற்றுவார், முன்சக்கரம் திரும்பிவிடும், அதைச் சரிசெய்தால் பெடல் நகர்ந்துவிடும். கைபேசியோடு நிற்கும் மனைவி இதற்குள் பலகையைப் பிரெஞ்சில் ஒரு தடவையும் ஆங்கிலத்தில் ஒரு தடவையும் படித்துவிடுவார். கடைசியில் படம் பிரமாதமாக வரும். சிலுவை மட்டும் சீட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

பகல் பன்னிரண்டு அடித்தால் பிரெஞ்சுக் கிராமம் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடும். இரண்டு மணி வரை கடை கிடையாது. திங்கட்கிழமை என்றால் ரொட்டிக்கடையும் பல ஊரில் கிடையாது. பாட்டிலில் தண்ணீர் தீர்ந்த சைக்கிள்காரருக்கு அப்போது ஒரே கதி கல்லறைத் தோட்டம். சமாதிப் பூக்களுக்கு ஊற்றுவதற்காக வாசலருகே ஒரு குழாய் இருக்கும். பர்கண்டியில் கனவான் மனப்பாடமாக வழி சொல்லக்கூடிய புராதனச் சின்னங்கள் இவைதான். எந்த ஊர்க் கல்லறைத் தண்ணீர் குளிர்ச்சி, எங்கே ‘குடிக்க உகந்ததல்ல’ என்று எழுதிப்போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் விரல்நுனியில். மற்றப் பிரயாணிகள் திரும்பிப் போய் மடாலயங்களைப் பற்றிப் பேசுவார்கள். இவர் குழாய்களைப் பற்றிப் பேசுவார். வெயில் காலத்தில் இவர் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2024 ஜூலை 5ஆம் தேதி டூர் டி பிரான்ஸ் பந்தயம் இந்தத் தோட்டங்களுக்குள் வந்தது. நுவி-சான்-ஜோர்ஜிலிருந்து ஷெவ்ரே-ஷாம்பெர்தான் வரை 25.3 கிலோமீட்டர், தனித்தனியாக நேரம் குறிக்கும் பந்தயம். பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூல், அப்போது அந்த வகைப் பந்தயத்தின் உலகச் சாம்பியன், 28 நிமிடம் 52 வினாடியில் முடித்தார். அதே தடத்தில் அதே 25.3 கிலோமீட்டரைத் தானும் ஓட்டவேண்டும் என்பது கனவானின் விரதம். குர்த்தி-வெர்ஷி ஏற்றத்தில் நாக்கு தள்ளுகிறது, திரையில் நாடித்துடிப்பு சிவப்பு எழுத்தில் மின்னுகிறது. அப்போது பின்னாலிருந்து ஒரு செயின் சத்தம். எழுபதைத் தாண்டிய உள்ளூர்ப் பெரியவர் ஒருவர். உள்ளூர்ச் சங்கத்தின் வெளுத்துப்போன சட்டை, இரும்புச் சைக்கிள், முதுகுப் பையில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகெத் ரொட்டி. மூச்சு வாங்காமல் “போன்ழூர்” என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார். கனவானின் பதில் இன்னும் தொண்டையைத் தாண்டவில்லை. பெரியவர் வளைவைத் தாண்டிவிட்டார்.

ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் கடந்து ஷெவ்ரே வந்து சேர்கிறார். சேர்ந்ததும் கணக்குப் போடுகிறார். காற்றுக்குக் கொஞ்சம், டிராக்டருக்குக் கொஞ்சம், பெரியவர் ‘வழிமறித்ததற்கு’க் கொஞ்சம் கழித்தால், எவனபூலின் நேரத்துக்கு மிகச்சரியாக இரண்டு மடங்கு. ஆக, உலகச் சாம்பியனில் சரிபாதி! அன்று சாயங்காலம் விடுதியில் எல்லாரும் இதைக் கேட்டாகவேண்டும்.

மனைவி வருவது மின்சாரச் சைக்கிளில். எல்லா ஏற்றத்திலும் முன்னால் போய்விடுவார். அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை என்று ஓர் ஒப்பந்தம். அவர் கட்டாயத்தின் பேரில்தான் கனவான் போன் நகரத்து ஓத்தெல்-தியேவுக்கு வருகிறார். ஆணி மாட்டிய சைக்கிள் செருப்போடு, லாடம் அடித்த குதிரை மாதிரி டக்கு டக்கென்று. நூறாண்டுப் போரின் கடைசிக் காலத்தில், வறுமை ஊரைத் தின்றுகொண்டிருந்த 1443ஆம் வருஷம், பர்கண்டிப் பிரபுவின் முதன்மந்திரி நிக்கோலா ரோலனும் அவர் மனைவி கிகோன் த சாலினும் ஏழைகளுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி அது. அத்தனை ஏழைகளை உண்டாக்கியவர் அவர்களுக்கு ஆஸ்பத்திரி கட்டியது நியாயம்தான் என்று பதினோராம் லூயி மன்னர் சொன்னதாக ஒரு கதை உண்டு. வண்ண ஓடு வேய்ந்த கூரை, சிவப்புத் திரை போட்ட கட்டில் வரிசை. கனவான் கொட்டாவி விடுகிறார்.

உள்ளே ஒரு படத்தின் முன்னால் கொட்டாவி நின்றுவிடுகிறது. ரொகியர் வான் டெர் வைடன் வரைந்த இறுதித் தீர்ப்பு. நடுவில் தேவதூதர் மிக்கேல் தராசு பிடித்து நிற்கிறார். ஒரு தட்டில் புண்ணியம் செய்த ஆத்மா, ஒரு தட்டில் பாவம் செய்த ஆத்மா. பாவத் தட்டு கனத்து இறங்குகிறது, புண்ணியத் தட்டு லேசாகி ஏறுகிறது. கனத்தவர்களெல்லாம் வலப்புறம் நரகத்தில் தலைகுப்புற விழுகிறார்கள். கனவான் அசையவில்லை. இத்தனை வருஷமாகச் சங்கத்து நண்பர்களிடமும் மனைவியிடமும் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்ததை, கிட்டத்தட்ட அறுநூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் வரைந்து மாட்டியிருக்கிறார். கிராம் குறைந்தால்தான் கரை சேரலாம். போன் நகரத்துக்கு அவர் தருகிற ஒரே பாராட்டு இந்தப் படத்துக்குத்தான். கலையைப் பார்க்க ஆயிரம் வழி; அவர் வந்த வழியும் ஒரு வழி.

ஒயின்? தொடுவதில்லை. பிரான்சில் சைக்கிள்காரருக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கும் சட்டம் ஒன்றுதான்: லிட்டர் ரத்தத்தில் அரை கிராம் சாராயம் வரைதான். அந்த அரை கிராமைக்கூட ஏற்ற அவருக்கு மனசில்லை. நிலவறையில் ஊற்றிக்கொடுத்ததைச் சுழற்றி, முகர்ந்து, வாயில் அலம்பித் துப்பிவிட்டு, இதில் எத்தனை கலோரி என்று தோட்டக்காரரையே கேட்பார். ஒரு பாட்டில் வாங்கலாமே என்றால், நிறைந்த பாட்டில் ஒன்றேகால் கிலோ, இருநூறு கிராமுக்கு அத்தனை பணம் கொட்டியவன் நான் என்பார். பாட்டில் மனைவியின் கூடையில் ஏறும். ராத்திரி அதில் முக்கால் பங்கை யார் குடிக்கிறார் என்பதை நான் சொல்லவில்லை.

சைக்கிள் சுற்றுலாவுக்கே தந்தை என்று பிரெஞ்சுக்காரர்கள் கொண்டாடும் போல் த விவி, 1930இல் மறைந்தவர், சைக்கிள்காரர்களுக்குச் சில கட்டளைகள் விட்டுப்போயிருக்கிறார். வழியில் ஒயின் வேண்டாம் என்பது அதில் ஒன்று, வீம்புக்காக மிதிக்காதே என்பது இன்னொன்று. முதலாவதை நம்மவர் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்.

நீங்கள் பர்கண்டிப் பக்கம் போக நேர்ந்தால், திங்கட்கிழமையைத் தவிர்த்துவிட்டுப் போங்கள், அவரை எங்கேயாவது பார்ப்பீர்கள். ஒதுங்கி வழி விடுங்கள், கையைக் காட்டுங்கள், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தாராளமாகக் கேளுங்கள்; வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போவார், நல்ல மனுஷர். இன்றைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். உங்களுக்கு ரயில் பிடிக்கவேண்டியிருக்கும்.