ரேசர் கன்னிசாமி

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொண்டவரைத் தெருவே அடையாளம் கண்டுகொள்ளும். கறுப்பு வேட்டி, வெறுங்கால், எதிரே வருபவர் யாரானாலும் “சாமி”. அதே பக்தியோடு இன்னொரு கன்னிசாமியும் நம்மிடையே நடமாடுகிறார். வேஷ்டியில் அடையாளம் இல்லாததால் அவர் வாயைத் திறந்த பிறகுதான் தெரியும். முப்பதை ஒட்டிய வயது, கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம், சுருட்டை முடி, தாடைக்குக் கீழே கழுத்து முழுக்கக் கடுகு வெடித்த மாதிரி சின்னச் சின்னக் கட்டிகள். பல வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போன தீபாவளிக்குப் பிறகு இரும்பு ரேசருக்கு மாறியிருக்கிறார். அதாவது, இரண்டு பக்கமும் கூர் உள்ள ஒற்றைப் பிளேடை உள்ளே வைத்துத் திருகும் தாத்தா காலத்து ஷேவிங் செட்டுக்கு. அவரிடம் போய், “என்ன சார், முகம் பளிச்சுனு இருக்கே?” என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. பிளேடு போடுவதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம் இருப்பது அவருக்கென்றே ஏற்பட்ட வசதி.

அவர் வீட்டுக் குளியலறை அலமாரியில் இப்போது ஷாம்புக்கு இடமில்லை. ஜெர்மனியில் சோலிங்கன் ஊரில் செய்த மெர்க்கூர் ரேசர் ஒன்று, அது கொஞ்சம் கனம் போதாது என்று வாங்கிய இன்னொன்று, ரஷ்ய பிளேடு, ஜப்பான் பிளேடு, நம் ஊர் டோபாஸ், ஏதோ காட்டுப் பிராணியின் ரோமத்தில் செய்த பிரஷ், அது காய்வதற்குத் தலைகீழாகத் தொங்கவிட ஒரு ஸ்டாண்டு. படிகாரக் கல்லைக்கூட அழகான டப்பாவில் வெளிநாட்டிலிருந்து தருவித்திருக்கிறார். நாட்டு மருந்துக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பதும், வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுவதும் இதே கல்தான் என்று சொன்னால், நண்பரானாலும் ஒரு வாரம் பேச மாட்டார். பிளேடு கன்னத்தைத் தொடவேண்டிய கோணம் 30 டிகிரி என்று அவருக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் கோணமானியைத் தொட மறுத்தவர் அவர். நுரை கலக்குவது தனி வைபவம். “அந்த நேரத்துல ஒரு ஈடு மாவே ஆட்டிடலாம்” என்பது மனைவியின் கணக்கு.

சிரித்துவிட்டு நகர முடியாதபடி, அவர் பேச்சில் அறிவியலும் இருக்கிறது. ஜில்லெட் கம்பெனி 1971-ல் இரட்டைப் பிளேடு ரேசரைக் கொண்டுவந்தது. 1998-ல் பிளேடு மூன்றாயிற்று, 2006-ல் ஐந்து. இவற்றின் வேலை இப்படி: முதல் பிளேடு முடியைப் பிடித்துக் கொஞ்சம் வெளியே இழுக்கும், அது மறுபடி உள்ளே போவதற்குள் பின்னால் வரும் பிளேடு வெட்டும். வெட்டுப்பட்ட முடி தோல்மட்டத்துக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். தடவினால் வழவழவென்று இருக்கும். நேரான முடி இரண்டு நாளில் வந்த வழியே மேலே வந்துவிடுகிறது. சுருட்டை முடிக்கு நேராக வரும் பழக்கம் கிடையாது. சாய்வாக வெட்டுப்பட்டதால் அதன் நுனி ஊசியாகியிருக்கிறது; அது உள்ளேயே பக்கச்சுவரைக் குத்தும், அல்லது வெளியே வந்து வளைந்து அடுத்த வீட்டுக் கூரையைப் பிரித்துக்கொண்டு இறங்கும். உடம்பு தன் முடியையே முள் தைத்ததாக எண்ணிப் போர் தொடுக்கிறது. கழுத்தில் தெரியும் கடுகெல்லாம் அந்தப் போர்க்களங்கள். பார்க்கப் பரு மாதிரி இருந்தாலும் பரு வேறு, இது வேறு. ஒற்றைப் பிளேடு பொதுவாகத் தோல்மட்டத்தோடு நிறுத்திக்கொள்வதால் இந்தக் கண்ணாமூச்சி விளையாட்டு குறைகிறது. இதுவரை நம்மவர் சொல்வது சரி. தனக்குச் சாட்சியாக, 2010-ல் அதே கம்பெனி இந்தியாவுக்கென்று 15 ரூபாயில் ஒற்றைப் பிளேடு ரேசர் கொண்டுவந்ததையும் இழுப்பார். அந்தச் சாட்சி வேறு வழக்குக்கு வந்தது. நம் ஆட்கள் நாலு நாள் தாடியை ஒரு மக் தண்ணீரில் மழிப்பவர்கள். குழாய் நீர் இல்லாமல் பல பிளேடு இடுக்கில் அடைத்துக்கொள்ளும் முடியை அலசுவது கஷ்டம். அந்த ரேசர் பிறந்தது மக் தண்ணீருக்காக, கழுத்துக் கட்டிக்காக அல்ல.

அவர் கழுத்து பாதிக்கு மேல் ஆறியிருப்பது உண்மை. ஆற்றியது இரும்பு என்கிறார் அவர். பயம் என்பதே என் கட்சி. தலை ஆடி வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் ரேசர் எவ்வளவு அழுத்தினாலும் மன்னித்துவிடும். மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதென்று ஷவருக்கடியில் கண்ணாடிகூட இல்லாமல் நாலு இழுப்பில் முடித்தவர்தான் இவர். இரும்பு ரேசர் முதல் நாளே மோவாயில் கோடு போட்டுக் காட்டியது. அன்றிலிருந்து கை தானாக லேசாயிற்று. குளித்த பிறகு மழிக்கிறார். இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரில் ஊறிய முடி காய்ந்த முடியைவிட எளிதாக வெட்டுப்படும். நாலைந்து சவரத்துக்கு ஒருமுறை பிளேடு மாற்றுகிறார். முன்பு பிளாஸ்டிக் ரேசரின் தலை விலை அதிகமென்று மாதக்கணக்கில் ஒன்றையே ஓட்டினார். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறதென்று வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். இரண்டு நாள் வளர்ந்த தாடியை விரல் நுனியால் தடவினால் தெரிந்துவிடும்: ஒரு திசையில் வெல்வெட், எதிர்த் திசையில் தேங்காய்த் துருவி. கன்னத்தில் கீழ்நோக்கிப் படியும் முடி கழுத்தில் பக்கவாட்டில் ஓடும், சிலருக்கு மேல்நோக்கியே வளரும், குரல்வளைக்கு இரு பக்கமும் உச்சந்தலையில் இருப்பது போலச் சுழிகூட இருக்கும். அந்தச் சுழி தெரியாமல் மேலிருந்து கீழே இழுக்கிறவர், படிந்த வாக்கில் மழிப்பதாக நினைத்துக்கொண்டு பாதிக் கழுத்தை எதிர்வாக்கில் மழிக்கிறார். இந்த நாலையும் பழைய பிளாஸ்டிக் ரேசரை வைத்துக்கொண்டே செய்திருந்தாலும் பெரும்பாலான கட்டிகள் அடங்கியிருக்கும். பல பிளேடு ரேசரால் தினமும் மழித்தும், முறையாகச் செய்தால் இந்தக் கட்டிகள் கூடுவதில்லை என்று கண்ட ஆய்வுகள் உண்டு. அந்த ஆய்வுகளில் ரேசர் கம்பெனிக்கும் பங்குண்டே என்று நம்மவர் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு; சோலிங்கன்காரரும் ரேசரைத் தர்மத்துக்குத் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சந்தேகப்படலாம்.

“பயம்தான் காரணம்னா, அந்த பயத்தைக் கொடுத்தது இந்த ரேசர்தானே?” என்று அவர் மடக்குவார். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். பிரம்பு பாடம் நடத்துவதில்லை. அது மேஜைமேல் இருந்தால் பையன் படிக்கிறான். ஆனால் ஒரு பிரம்பு போதும், ஏழு நாட்டுப் பிரம்பு எதற்கு என்பதே கேள்வி. அடுத்து அப்பாவைச் சாட்சிக்கு அழைப்பார்: “எங்கப்பா நாற்பது வருஷம் செவன் ஓ கிளாக் பிளேடுதான். கழுத்துல ஒரு பொட்டு கிடையாது.” அந்த அப்பா கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் பழைய பிளேடைத் தேய்த்துக் கூராக்கி இன்னும் இரண்டு நாள் ஓட்டியவர். ஞாயிறும் புதனும் மழித்தார், மேலிருந்து கீழே ஒரே ஒரு தரம், சாயங்காலமே சொரசொரவென்று ஆகிவிட்டால் அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அப்பாவுக்குச் சுருட்டை முடியும் கிடையாது. அது அம்மா வழி. செலவு மிச்சம் என்ற வாதத்தை அவரே இப்போதெல்லாம் எடுப்பதில்லை. அலமாரி எதிரிலேயே இருக்கிறது.

மூன்றாவது மாதம் பயம் தெளியும். அங்கேதான் வினை. ஒரு தரம் மழித்தால் போதும் என்றிருந்தவர், நுரை போட்டு இரண்டாம் தரம், மூன்றாம் தரம், அதுவும் எதிர்வாக்கில், இடது கையால் கழுத்துத் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மழிக்கத் தொடங்குகிறார். தோலை இழுத்துப் பிடித்தால் முடி வெளியே நீளும். வெட்டி விட்டதும் உள்ளே போகும். ஐந்து பிளேடு செய்த வேலையை ஒரு பிளேடும் ஒரு கையுமாகச் செய்து முடித்தாயிற்று. பத்தே நாளில் கடுகு மறுபடி வெடிக்கிறது. “இந்த பாக்கெட் சரியில்லை” என்று ரஷ்யாவிலிருந்து ஜப்பானுக்கு மாறுகிறார். ஜப்பான் ஃபெதர் பிளேடு அவர் தேடியதைவிடக் கூர். இன்னும் நெருக்கமாக வெட்டுகிறது. இந்த நோய் சரியாக மழிக்காததால் வருவதில்லை, மிகச் சரியாக மழிப்பதால் வருவது. தெருமுனை சலூன்காரர் பாதி பிளேடு மாட்டிய கத்தியால் ஒரு தரம் இறக்கிவிட்டு, “எதிர்ல இழுக்கட்டுமா சார்?” என்று தயங்கிக் கேட்பதில் இருக்கும் வைத்தியம் நம்மவர் அலமாரியில் இல்லை.

தோல் டாக்டரிடம் போனால் அவர் ரேசரின் ஊரைக்கூடக் கேட்க மாட்டார். கட்டியைக் கிள்ளாதே, முடியை வேரோடு பிடுங்காதே என்பார், ஏதோ ஒரு பூச்சு எழுதிக் கொடுப்பார், டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்ளச் சொல்வார். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு மாதம் போல மழிப்பதையே நிறுத்து என்பார். உள்ளே மாட்டிய முடிகள் நீளமானதும் வில் மாதிரி தானே விடுபட்டு வெளியே வந்துவிடும். மழிப்பதை நிறுத்துவது எல்லா இடத்திலும் எளிதாக இருந்ததில்லை. 1903-ல், விற்பனையின் முதல் வருடத்தில், ஜில்லெட் விற்றது 51 ரேசர். 1918-ல் அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்காக வாங்கியது 35 லட்சம். அதே ராணுவத்தில்தான் பின்னாளில், சுருட்டை முடியால் அவதிப்பட்ட கறுப்பின வீரர்கள் தாடியோடு இருக்க டாக்டர் சீட்டு வாங்கவேண்டி வந்தது. நம் ஊரில் அதற்குச் சீட்டு தேவையில்லை. 41 நாளோ 48 நாளோ கத்தி படாத முகத்தோடு ஆபீஸ் போனால் மேனேஜரே எழுந்து நின்று “சாமி” என்பார்.

மனைவி இதைச் சொல்லியும் பார்த்துவிட்டார். “பேசாம இந்தக் கார்த்திகைக்கு நிஜமாவே மாலை போட்டுக்குங்களேன். புண்ணியத்துக்குப் புண்ணியம், கழுத்துக்குக் கழுத்து.” நம்மவர் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று, தாடைக்கடியில் எதிர்வாக்கில் ஒரு தரம் தடவிற்று, ஒரு சொரசொரப்பில் போய் நின்றது.

“போட்டுக்கலாம். ஆனா நேத்துதானே நூறு பிளேடு வந்து இறங்கியிருக்கு?”