நாறும் பூவும் நல்ல டீயும்

கேமரன் மலையின் தானா ராத்தா கடைத்தெருவில் நினைவுப் பொருள் என்றாலே ஸ்ட்ராபெரிதான். தொப்பியில் ஸ்ட்ராபெரி, தலையணையில் ஸ்ட்ராபெரி, வீட்டுச் செருப்பில்கூட ஸ்ட்ராபெரி. அந்தச் சிவப்புக் கும்பலுக்கு நடுவே ஒரு பீங்கான் மக் என்னை முறைத்துக்கொண்டிருந்தது. பழைய புத்தகத்திலிருந்து எடுத்த மாதிரி ஒரு ராஃப்லேசியா பூவின் படம், கீழே லத்தீன் பெயர், கண்டுபிடித்த ஆண்டு 1818. இருபத்தைந்து வெள்ளி. வாங்கிவிட்டேன்.

வீட்டில் அத்தை முதலில் விலைச்சீட்டைத்தான் பார்த்தார். படம் அப்புறம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே காலத்தை ஓட்டியவர். மலையில் முளைக்கும் எதையும் அவரிடம் மறைக்க முடியாது.

“செத்த எலியாட்டம் நாறுமே, அந்தப் பூவா மாப்பிள்ளை? இதுலயா டீ குடிக்கப் போறீங்க?”

அத்தை சொன்னதில் பிசகில்லை. அந்தப் பூ பிழைப்பதே நாற்றத்தால்தான். மொட்டு முதிர்ந்து விரிய ஒன்பது மாதம்போல ஆகும். விரிந்த பூ ஒரு வாரம் தாங்கினால் பெரிது. அதற்குள் மகரந்தம் கைமாற ஈ வர வேண்டும். ஈயை அழைக்க அழுகல் இறைச்சி வாடையைவிட நல்ல பத்திரிகை யாரால் அடித்துவிட முடியும்? மற்றபடி அதற்கு இலை இல்லை, தண்டு இல்லை, சொந்தமாக ஒரு வேர்கூட இல்லை. காட்டுக்கொடி ஒன்றின் உடம்புக்குள் குடியேறி, அது தேடி வைத்த சாற்றைக் குடித்தே காலம் தள்ளும். இதை நான் விளக்கிச் சொன்னபோது அத்தை பதில் பேசாமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் வீட்டோடு மாப்பிள்ளை.

பேச்சை மாற்ற, கண்டுபிடித்த கதைக்குத் தாவினேன். 1818-ல் சுமத்ராவின் பெங்குலு பகுதிக்கு ராஃபிள்ஸ் கவர்னராக வந்தார். மறுவருஷம் சிங்கப்பூரில் கொடி நட்டாரே, அவரேதான். மனைவியோடு உள்காட்டுக்குப் போன பயணத்தில் ஜோசப் ஆர்னால்டு என்ற வைத்தியரும் கூட இருந்தார். மலாய் வேலையாள் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்து, பெரிய பூ ஒன்று இருக்கிறது, வந்து பாருங்கள் என்று ஆர்னால்டைக் கூட்டிப் போனான். பூவின் அகலம் முழுசாக ஒரு கஜம். எடை பதினைந்து ராத்தல் இருக்கும் என்று கணித்தார்கள். நடுக்குழியில் பன்னிரண்டு பைண்டு தண்ணீர் பிடிக்கும் என்றும் ஆர்னால்டு எழுதி வைத்தார்.

பன்னிரண்டு பைண்டு என்றால் ஆறு லிட்டர் பக்கம். என் மக் கொள்வது முந்நூறு மில்லி. நியாயப்படி மக்கின்மேல் பூவை வரைந்திருக்கக் கூடாது. பூவின்மேல் மக்கை வரைந்திருக்க வேண்டும். நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் ஆற்றுகிறவர் கையில் அந்தப் பூ கிடைத்தால், ஒரே ஊற்றில் இருபது பேருக்குப் பசியாற டீ தயார்.

ஆர்னால்டுக்கு அந்தப் பெருமையை அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை. அதே வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். 1820-ல் லண்டனில் ராபர்ட் பிரவுன், ராஃபிள்ஸ் பெயரையும் ஆர்னால்டு பெயரையும் சேர்த்துப் பூவுக்குச் சூட்டினார். பள்ளிக்கூடத்தில் ‘பிரவுனியன் இயக்கம்’ என்று நம்மை உருட்டினார்களே, அந்தப் பிரவுன். படம் வரைந்த ஃபிரான்ஸ் பவர் சுமத்ரா பக்கமே வந்ததில்லை. பதப்படுத்தி அனுப்பிய பூவைப் பார்த்து வரைந்தார், மூக்கு தப்பியது.

எங்கள் மலைக்காட்டில் பூப்பது இதன் பங்காளி, உருவத்தில் சிறியது. லேண்ட் ரோவரில் குலுங்கி, அட்டைக்கடி வாங்கி, பூவைப் பார்க்கப் போகும் சுற்றுலாக்காரர்களுக்கு வழிகாட்டுவது பூர்வகுடிகளான ஓராங் அஸ்லிக்காரர்கள். இந்தப் பூவின் மொட்டைப் பிள்ளை பெற்றவளுக்கு மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. ஆக, கண்டுபிடிப்பு என்பது பூவைக் காட்டியவனுக்கும் பெயர் வாங்கியவருக்கும் இடையில் எங்கோ நடக்கிறது. 1885-ல் நிலம் அளக்க வந்த வில்லியம் கேமரன் பெயரில்தான் இந்த மலையே இருக்கிறது. அவருக்கு முன்னால் காட்டுப் பாதையில் நடந்தவர்கள் பெயரில் ஒரு சந்தைக்கூட நான் பார்த்ததில்லை.

பூவைக் காட்டியவன் பெயர் இருக்கிறதா என்று மக்கின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்று எழுத இடம் இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த அத்தைக்கு ஒரே சந்தேகம்தான். “ஓடியாந்து சொன்னானே, அந்தப் பையனுக்கு டீக்காசாவது குடுத்தாங்களா?”

அகலத்தைக் கஜத்திலும், எடையை ராத்தலிலும், கொள்ளளவைப் பைண்டிலும் எழுதியவர்கள் அவன் பெயரையே எழுதவில்லை அத்தை. டீக்காசையா எழுதப் போகிறார்கள்?