ஏக்கருக்கு ஐந்து ரூபாய், கரண்டுக்குத் தனி பில்

அடுத்த மாதச் சீட்டுப் பணம் கட்டவே நமக்கு நாக்குத் தள்ளுகிறது. ஆனால் 1886 அக்டோபர் 29 அன்று சில பெரிய மனிதர்கள் உட்கார்ந்து 999 வருஷத்துக்கு ஒரு பத்திரம் எழுதினார்கள். பெரியாற்றில் அணை கட்டி, தண்ணீரை மலைக்குள் சுரங்கம் போட்டுக் கிழக்கே திருப்பிக்கொள்ள, சென்னை ராஜதானிக்குத் திருவிதாங்கூர் கொடுத்த குத்தகை. 999 போதாதே என்று யாருக்கோ கவலை வந்திருக்கிறது. முடிந்ததும் இன்னொரு 999-க்கு ரினியூவல் உண்டு!

வாடகை? ஏக்கருக்கு ஐந்து ரூபாய். 8,000 ஏக்கருக்கு வருஷம் 40,000. அட்வான்ஸ் கிடையாது, வருஷா வருஷம் ஏற்றுவதும் கிடையாது. இப்படி ஒரு ஹவுஸ் ஓனர் சிவகாசியில் கிடைத்தால் ஊரே கூடிச் சிலை வைத்துவிடும்.

‘இதயத்து ரத்தத்தால் கையெழுத்துப் போடுகிறேன்’ என்று திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் குமுறினாராம். உருக்கமான சீன்தான். ஒரே ஒரு சிக்கல்: அவர் 1885-லேயே காலமாகிவிட்டார். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் திவான் ராம ஐயங்கார். ரத்தமெல்லாம் இல்லை, சாதாரண மைதான்.

இந்த யோசனை வெள்ளைக்காரன் மூளையில் உதித்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். அதற்கு நூறு வருஷம் முன்பே ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை மலைக்கு ஆள் அனுப்பிப் பார்த்தாயிற்று. கஜானா இடம் கொடுக்கவில்லை. 1808-ல் கம்பெனியின் கேப்டன் கால்டுவெல் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் பகல் கனவு, இனி யோசிக்கவே வேண்டாம் என்று ஃபைலை மூடினார். 1895-ல் இன்ஜினீயர் பென்னி குயிக் அதே பகல் கனவைச் சுண்ணாம்பும் சுர்க்கியும் போட்டுக் கட்டி முடித்தார். கால்டுவெல்லுக்கு யாரும் சிலை வைக்கவில்லை; வைக்கவும் கூடாது.

கதை சூடு பிடிப்பது கரண்ட் வந்த பிறகுதான். சுரங்கத்தை விட்டு வரும் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கை நோக்கித் தடதடவென்று விழுகிறது. வழியில் ஒரு டர்பைன் வைத்தால் என்ன என்று சென்னை ராஜதானிக்கு ஆசை. திருவிதாங்கூர் துள்ளி எழுந்தது: ‘பாசனத்துக்குத்தானே கொடுத்தோம்? பல்பு எரிக்கவா?’ நடுவர்கள் இருவர் விசாரித்தார்கள். இருவரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். கடைசியில் நடுவருக்கும் நடுவராக வந்த நளினி ரஞ்சன் சட்டர்ஜி 1941-ல் தீர்ப்பளித்தார்: பாசனம் மட்டும்தான், மின்சாரம் கூடாது. ஆக, தண்ணீர் மலையிலிருந்து தாராளமாக விழலாம். விழும்போது சம்பாதிக்கக் கூடாது.

பிறகு ராஜா போனார், ராஜதானி போனது, மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் மின் நிலையம் வந்தது. பேப்பர் வேலை மெதுவாகப் பின்னால் வந்து சேர்ந்தது. 1970-ல் கேரளத்தோடு புது ஒப்பந்தம். ஏக்கர் வாடகை 30 ரூபாய். கரண்டுக்குத் தனி பில்: ஒரு கிலோவாட் வருஷம் முழுக்க ஓடினால் 12 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள், 8,760 யூனிட்! இன்றைக்கு அந்த ரேட்டை மின்வாரிய கவுன்ட்டரில் சொன்னால் செக்யூரிட்டியைக் கூப்பிடுவார்கள்.

இத்தனை பத்திரத்தில் ஆறு எங்கே என்று தேடினேன். மீனுக்கு ஓர் இடம் இருக்கிறது சாமி! 1970-ல் மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. மீன் சௌக்கியமா என்று விசாரித்தல்ல, யார் பிடிப்பது என்பதற்காக. அணைக்குக் கீழே பெரியாற்றுப் படுகையில் கோடையிலும் இத்தனை நீர் ஓடட்டும் என்று ஒரு வரி? மூச்.

காடு மட்டும் சாமர்த்தியமாகப் பிழைத்துக்கொண்டது. அணை தேக்கிய ஏரிதான் தேக்கடி ஏரி. மரங்களை மூழ்கடித்த தண்ணீரைச் சுற்றியே சரணாலயம், புலிகள் காப்பகம், படகு சவாரி எல்லாம் முளைத்தன. பிற்பாடு அணையின் நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142-க்கு ஏற்றலாமா என்ற வழக்கில் கேரளம் அந்தக் காட்டையே சாட்சிக்கு இழுத்தது: தண்ணீர் ஏறினால் விலங்குகள் பாவம். ‘விலங்கா? கீழே இடுக்கி டர்பைனுக்குத் தண்ணீர் போகணும், அதான்’ என்றது நம்ம பக்கத்து டீக்கடை. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142-க்கு அனுமதி கொடுத்தது. கேரள சட்டமன்றம் மூன்று வாரத்துக்குள் சட்டத்தைத் திருத்தி, 136-ஐத் தாண்டக் கூடாது என்று பூட்டுப் போட்டது. நம் சட்டமன்றங்களுக்கு இவ்வளவு வேகம் உண்டா என்று நானே அசந்துபோனேன். 2014-ல் அந்தப் பூட்டை ஐந்து நீதிபதிகள் உடைத்தார்கள். அப்புறம் டெல்லி 2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. பெயரைக் கவனியுங்கள், அணைக்குத்தான் பாதுகாப்பு.

சரி, சிவகாசி பக்கத்து எம். புதுப்பட்டிக்காரனுக்கு இதில் என்ன? பெரியாற்றுத் தண்ணீர் மதுரைப் பக்கம் போய்விடுகிறது. நமக்கு வாய்த்தது வைப்பாறும் அர்ஜுனா நதியும். இரண்டிலும் தண்ணீரைவிட வேலிக்கருவை அதிகம். நமக்கென்று தனியாக ஒரு பேப்பர் இருக்கிறது: பம்பை–அச்சன்கோவில்–வைப்பாறு இணைப்பு. 1995-ல் தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை சாத்தியக்கூறு அறிக்கை கொடுத்தது. 634 மில்லியன் கன மீட்டர் தண்ணீர் இங்கே. 508 மெகாவாட் உச்சநேர மின்சாரம் போனஸ். பல்பைக் காட்டினால் கேரளம் சொக்கிவிடும் என்று நினைத்தார்கள். கேரளமோ, ‘எங்களிடம் உபரியே இல்லை, வேம்பநாட்டுக் காயலில் உப்பு ஏறினால் குட்டநாட்டு நெல்லை யார் காப்பாற்றுவது?’ என்றது. நியாயமான கேள்விதான். ஆனால் வறண்ட கண்மாய்க்கரையில் நின்றுகொண்டு அதை ஒப்புக்கொள்ளப் பெரிய மனசு வேண்டும்.

நமக்கு மனசு அவ்வளவு பெரிசில்லை. பட்டாசும் தீப்பெட்டியும் காய வெயில் வேண்டும். நாலு நாள் மழை அடைத்தால் முகம் சுருங்கிவிடும். அதே வாயால் கண்மாய் நிறையணும் என்றும் வேண்டிக்கொள்கிறோம். பெய்கிற மழையெல்லாம் கேரளத்திலேயே பெய்யட்டும், தண்ணீர் மட்டும் கால்வாயில் வந்து சேரட்டும். 508 மெகாவாட்டில் ஒரு பங்கு வந்தால், அதையும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.